எந்தக் கைக்கு இந்தக் கத்தி

நான் இடது கைக்காரி. எங்கள் பக்கத்தில் அதை அவ்வளவு மரியாதையாகச் சொல்ல மாட்டார்கள். சோறு தின்பது சோத்தாங்கை, மற்றது பீச்சாங்கை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்து எழுதும் கையை மாற்றினார்கள். வீட்டில் அம்மா சாப்பிடும் கையை மாற்றினாள். காசு கொடுக்க, விபூதி வாங்க, வெற்றிலை பாக்கு நீட்ட என்று ஒவ்வொன்றாக வலது கையைப் பழக்கிக்கொண்டேன். ஆனால் பலமோ நுணுக்கமோ வேண்டிய வேலை வந்தால் இடது கைதான் முந்திக்கொண்டு வரும். அதை என்னால் மாற்ற முடியவில்லை. மாற்ற வேண்டும் என்று மனதார நினைத்ததும் இல்லை.

கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்து உப்பளத்தில் வேலை செய்த வருஷங்களில் யாரும் என் கையைப் பற்றிப் பேசவில்லை. உப்பு வாரும் பலகையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். கூடையைத் தலையில்தான் சுமக்க வேண்டும். பாத்தியில் இறங்கிவிட்டால் உப்பு நம் கையைக் கண்டுகொள்ளாது. காலைத்தான் பதம் பார்க்கும். பாதம் வெடித்து, வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி, ராத்திரி போர்வை பட்டாலே உயிர் போகும். வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் விடியும் முன்னே மறுபடி இறங்குவோம்.

கடல் உள்ளே வந்த அந்த மார்கழியில் பாத்திகள் எல்லாம் சேறு மூடிப் போயின. வரப்பு எது, வாய்க்கால் எது என்றே தெரியவில்லை. தை பிறந்தால் ஆரம்பிக்க வேண்டிய வேலை அந்த வருஷம் ஆரம்பிக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். உப்பு இல்லையென்றால் அவருக்கும் வேலை இல்லை. அவர் திண்டிவனம் பக்கம் நெல் மூட்டை தூக்கப் போனார். நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்த அந்த மாசங்களில் என் பாதம் ஆறியது. வெடிப்பு மூடி, தோல் புதிதாக வந்தது. ஒருநாள் குளிக்கும்போது காலைத் தேய்த்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். இனிமேல் உப்பில் கால் வைப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். வேறு என்ன வேலை என்று தெரியாது. ஆனால் உப்பு கிடையாது.

அலை வந்த புதிதில் மீன் வாங்கவே ஜனங்கள் பயந்தார்கள். கடலுக்குள் போனவர்கள் அத்தனை பேர். அந்தக் கடலின் மீனை எப்படித் தின்பது என்ற அருவருப்பு. சித்திரை வைகாசியில்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மார்க்கெட்டில் மறுபடி கூடைகள் வரிசையாக உட்கார்ந்தன. அங்கே மீன் விற்கும் அக்கா ஒருத்தியிடம் நான் எப்போதும் வாங்குவேன். பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு. அவளுக்கு விற்கவே நேரம் சரியாக இருந்தது. வாங்கியவர்கள் ஆய்ந்து கொடு என்று நச்சரித்தார்கள்.

"ஏம்மே, சும்மாதான இருக்க? வந்து குந்து. நான் விக்கிறேன், நீ ஆஞ்சு குடு" என்றாள்.

மறுநாளே போய் உட்கார்ந்தேன். உப்பளத்துக்காரிக்கு இங்கே என்ன வேலை என்று பக்கத்தில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அக்கா ஒரு பார்வை பார்த்தாள், முணுமுணுப்பு நின்றது.

மார்க்கெட்டில் எல்லாமே அருவாமனைதான். கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, நின்றிருக்கும் அலகில் மீனை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள வேண்டும். வழுக்காமல் இருக்கச் சாம்பலில் ஒரு புரட்டு. செதிலைச் சீவி, துடுப்பை நறுக்கி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, துண்டு போட்டால் முடிந்தது. அலகு அசையாது, மீன்தான் அசையும். இரண்டு கையும் மீனிலேயே இருப்பதால் நான் எந்தக் கைக்காரி என்று அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. சங்கரா, பாறை, கானாங்கத்தை எதைக் கொடுத்தாலும் மளமளவென்று முடிப்பேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஆனால் இடம் அக்காவின் இடம். அக்காவின் மருமகள் பிள்ளை பெறப் போயிருந்தாள். திரும்பி வந்தால் அருவாமனை அவளுக்குத்தான். இது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

அந்த நேரத்தில்தான் பாய் வந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையல்கட்டில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கீழ்புத்துப்பட்டில் ரோட்டு மேலேயே ஒரு ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார். மீன் எந்த ஊரில் எப்படி வருகிறது என்று பார்க்க வந்தவர், நான் ஆய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"கொடுவாவ முள்ளு இல்லாம, முழுசா ரெண்டு பக்கமும் சதையா எடுத்துக் குடுப்பியாம்மா? ஒரு முள்ளு இருக்கக் கூடாது. கார்ல வர்றவங்க முள்ளப் பாத்தா ஓடிடுவாங்க."

"எடுத்துருவேன் பாய்" என்றேன். எடுத்ததே இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

அருவாமனையில் அது ஆகவில்லை. நீளமான மீனை நடுமுள்ளின் மேல் நூல் பிடித்தது போல இழுக்க நிற்கும் அலகு தோதுப்படவில்லை. பாதியில் சதை பிய்ந்தது. பாய் சிரித்தார். இதற்கு மீன் படுத்திருக்க வேண்டும், கத்திதான் நடக்க வேண்டும் என்றார். ஹோட்டலுக்கு வந்து ஒருநாள் அறுத்துக் காட்டச் சொன்னார். சரியாக வந்தால் தினமும் வேலை. மாசச் சம்பளம், மத்தியானச் சாப்பாடு, உட்கார நிழல். அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அருவாமனை மருமகளுக்கு, பாத்தி சேற்றுக்கு. இந்த வேலை எனக்கு. இதை விடப் போவதில்லை.

ஹோட்டலில் இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. மேடையில் பாய் நாலு கத்தி வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டார்கள், சண்டை வரும் என்பார்கள். அவரும் மேடையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். "எது வேணுமோ எடு" என்றார். அதுவும் ஒரு பரீட்சை என்று புரிந்தது.

ஒன்று கசாப்புக் கத்தி, அகலம், கனம். தலை வெட்டலாம், முள்ளை உடைக்கலாம், இதற்கு ஆகாது. இன்னொன்று காய்கறிக் கத்தி, குட்டை. கொடுவாவின் முதுகிலிருந்து வயிறு வரை போவதற்குள் நாலு முறை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். எடுத்து வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் சதையில் படி விழும். மூன்றாவது நீளம்தான், ஆனால் வளையவே இல்லை. மீனின் விலா எலும்பு வளைவானது; வளையாத கத்தி அதைத் தாண்டிச் சதைக்குள் போய்விடும். நாலாவதை எடுத்து நுனியை மேடையில் ஊன்றி அழுத்தினேன். பிரம்பு போல வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது. நுனி ஒடுங்கி, அலகு மெல்லிசாக, கையில் கனமே தெரியாமல் இருந்தது. பாய் தலையாட்டினார். துபாயிலிருந்து கொண்டுவந்ததே அது ஒன்றுதான்.

அந்தக் கத்தியை நான் இடது கையில் பிடித்தேன். பாயின் முகம் மாறியது. 

இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு சாமான் என்னிடம் எந்தக் கை என்று கேட்டது. பலகைக்கு இரண்டு கை, அருவாமனைக்கு இரண்டு கை, கத்திக்கு ஒன்றுதான். செவுளுக்குப் பின்னால் முள் வரை வெட்டி, கத்தியைப் படுக்க வைத்து வாலை நோக்கி இழுத்தேன். கத்தி முள்ளின் மேல் படியவில்லை. கொஞ்ச தூரம் போகும், அப்புறம் மேலே ஏறிக்கொள்ளும். அழுத்தினேன், இன்னும் ஏறியது. சதையைத் தூக்கிப் பார்த்தால் பாதி முள்ளோடு போயிருந்தது. மறுபக்கமும் அதே கதை. எலும்பில் தங்கிய சதையை வைத்து ஒரு குழம்பே வைக்கலாம்.

பாய் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ரோஷமாக இருந்தது.

"கைய மாத்திக்கம்மா. சோத்தாங்கையில பழகு. கத்திய எடுத்துட்டுப் போ. ஹோட்டல் தொறக்க இன்னும் நாள் இருக்கு. கை சரியா வந்துட்டா உனக்குத்தான் வேலை" என்றார். நியாயமான மனுஷன். அவர் கொடுத்த கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தனை பேர் அடித்தும் மாறாத கை. அதன் மேல் அன்று முதன்முதலாக எனக்கே கோபம் வந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

"பீச்சாங்கையில கத்தி புடிச்சா எவ வாங்குவா? காலங்காத்தால போணி ஆவுமா? அருவாமனையிலயே இரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"உன் மருமவ வந்துட்டா?"

அக்கா கூடையில் இருந்த மீனைத் திருப்பித் திருப்பி வைத்தாள். 

பழகினேன். தினமும் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் மடவையோ கானாங்கத்தையோ வாங்கிவந்து, பின்பக்கத் துவைகல்லில் பலகை போட்டு வலது கையால் அறுத்தேன். கை கோணிக்கொண்டு போகும். பலம் எங்கே கொடுப்பது, எங்கே விடுவது என்றே அதற்குத் தெரியாது. தோல் கிழியும், சதை நார் நாராகும். ஒருநாள் கத்தி வழுக்கி, மீனைப் பிடித்திருந்த இடது கட்டை விரலின் அடியில் இறங்கிவிட்டது. மஞ்சளை அப்பித் துணி சுற்றினேன். பிய்ந்த சதையை என்ன செய்வது? புட்டு. மீன் புட்டு. வாரம் முழுக்கப் புட்டு.

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் புட்டா? உனக்கு வேலை கெடைக்கறதுக்குள்ள நான் மீனு தின்றதையே விட்டுடுவேன் போல" என்றார்.

"தின்னுட்டுப் பேசுங்க" என்றேன்.

"வேணாம்னா விட்டுடேன். வர்ற வருஷம் அளத்துல வேலை ஆரம்பிச்சுடும்னு சொல்றாங்க."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். "செத்தாலும் அதுல எறங்க மாட்டேன்" என்றேன். அவர் குனிந்து புட்டைத் தின்ன ஆரம்பித்தார். மனுஷர் தங்கம்தான், என்ன, எப்போது வாயை மூட வேண்டும் என்று கொஞ்சம் தாமதமாகத் தெரியும்.

விரல் ஆறும் வரை இருக்க முடியாமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றி அறுத்துப் பார்த்தேன். ஒரு மீன் இடது கையால், ஒரு மீன் வலது கையால். சதையைச் சட்டியில் போட்டுவிட்டு எலும்பைச் சுவரோரம் எறிவேன். எங்கள் தெருவில் ஒரு வெள்ளைப் பூனை உண்டு. அது வந்து முதல் எலும்பைத் தின்றது. இரண்டாவதை மோந்து பார்த்தது, போய்விட்டது. மறுநாளும் ஒன்றைத் தின்று ஒன்றை விட்டது. அதற்கு அடுத்த நாள் பூனை வாய் வைக்கும் முன்னே எலும்புகளை நான் எடுத்துப் பார்த்தேன்.

பூனை தின்றதெல்லாம் இடது கை அறுத்த எலும்பு. அதில் சதை இருந்தது. பூனை விட்டதெல்லாம் வலது கை அறுத்தது. அதில் ஒன்றுமே இல்லை. மேலே தோலும் சதையும் கந்தலாகியிருந்தாலும், எலும்பு மட்டும் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. ஒழுங்காகப் பிடிக்கவே தெரியாத கையில் கத்தி எலும்பை விட்டு நகரவில்லை. என் சொல் கேட்கிற கையில் எலும்பில் உட்காரவே மாட்டேன் என்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் வந்தது.

கத்தியைக் கழுவி வெயிலில் பிடித்தேன். கட்டை விரல் நகத்தை ஒரு பக்கத்தில் முதுகிலிருந்து கூர் வரை இழுத்தேன். தட்டையாக வழுக்கிக்கொண்டு போனது. திருப்பிப் பிடித்து மறுபக்கம் இழுத்தேன்; கூருக்குக் கொஞ்சம் முன்னால் நகம் சட்டென்று இறங்கியது. அந்தப் பக்கம் மட்டும்தான் சாய்வாகத் தேய்த்திருந்தார்கள். வலது கையில் பிடித்து மீன் மேல் படுக்க வைத்தால் தட்டையான பக்கம் முள்ளின் மேல் படுகிறது, ஒட்டிக்கொண்டு போகிறது. இடது கையில் பிடித்தால் சாய்வான பக்கம் அடியில் வருகிறது. சாய்வில் எது நிற்கும்? மேலே ஏறத்தான் செய்யும்.

நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் மறுபடி வெட்டிக்கொண்டேன் என்று நினைத்து ஓடிவந்தார்.

"கைல ஒண்ணும் இல்லீங்க!" என்று கத்தினேன். "கை நல்லாதான் இருக்குது! கத்திதான்!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சின்ன வயசில் அறுப்புக்குப் போன இடத்தில் என் அரிவாள் மட்டும் நெல் தாளை அறுக்காமல் இழுக்கும். அறுப்பு ஆட்களை நடத்திய கட்டுக்காரர் என்னை வரிசையிலிருந்து எழுப்பி, கதிர் பொறுக்க அனுப்பிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று அழுத அழுகை அப்படியே நெஞ்சில் இருந்தது. அந்த அரிவாளுக்கும் ஒரு பக்கம்தான் பல் வெட்டியிருப்பார்கள். இதை அன்று எனக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் கூட இல்லையே என்று இருந்தது.

பாயின் கத்தியை மறுபக்கம் தேய்த்துவிடலாம்தான். ஆனால் அது அடுத்தவர் பொருள். அதுவும் துபாயிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்தது. எனக்கு எனக்கென்று ஒரு கத்தி வேண்டும். வெல்டிங் கடையில் கெஞ்சி, இரும்பு அறுக்கும் மெஷினில் தேய்ந்துபோன பழைய ரம்பத் தகடு ஒன்றை வாங்கினேன். பஸ் பிடித்து பிரம்மதேசம் போனேன். அங்கே ஒரு கொல்லர் இருந்தார். அந்தச் சுற்று வட்டாரத்துக்கே அரிவாளும் மண்வெட்டியும் அவர் பட்டறைதான்.

தகட்டைத் திருப்பிப் பார்த்தார். "நல்ல இரும்பு. என்ன வேணும்?"

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். நீளமாக, மெல்லிசாக, வளைய வேண்டும். கூர் ஒரு பக்கம் மட்டும். அதுவும் எல்லோருக்கும் பிடிக்கிற பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம்.

"ஏம்மா, வெளாடுறியா? கத்தியக் கூடவா கை பாத்து அடிப்பாங்க? எங்கப்பன் காலத்துலருந்து இங்க அடிக்கிறோம். எந்தக் கைக்குன்னு ஒருத்தனும் கேட்டதில்ல."

மூலையில் அறுப்புக்குக் கருக்கருவாள் குவிந்து கிடந்தது. ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதுக்கு ஒரு பக்கந்தானே பல்லு வெட்டுறீங்க? இது எந்தக் கைக்குங்க?"

அவர் அரிவாளை எடுத்தார். வலது கையில் பிடித்துக் காற்றில் ஒரு இழுப்பு இழுத்தார். இடது கைக்கு மாற்றி இழுத்தார். பல் இருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பட்டறைப் பையனைத் துருத்தி ஊதச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"அடிச்சுத் தர்றேன். தட்டையா எடுத்துக் குடுத்துடுவேன், பிடியும் போட்டுருவேன். ஆனா கூரு நீயே ஏத்திக்க. பழக்கதோஷத்துல என் கை அந்தப் பக்கந்தான் போவும். நீ திரும்ப வந்து சண்டைக்கு நிப்ப" என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். புளியங்கட்டைப் பிடி போட்டுக் கொடுத்த அந்தத் தகட்டை வீட்டுத் துவைகல்லில் நானே தேய்த்தேன். தண்ணீர் விட்டு, ஒரே சாய்வில், ஒரு பக்கம் மட்டும். நல்ல தண்ணீர். எங்கள் ஊர்க் காற்றிலேயே உப்பு இருக்கிறது. போர் தண்ணீரில் தேய்த்தால் மறுநாள் அலகில் செம்புள்ளி விழுந்துவிடும். தினமும் வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுருட்டி அரிசிப் பானைக்குள் செருகி வைத்தேன். கூர் வந்ததா என்று தக்காளியில் வைத்துப் பார்ப்பேன். அழுத்தாமல், வைத்ததுமே தோல் திறந்தால் போதும். முதல் சில நாள் திறக்கவில்லை. ஆத்திரத்தில் சாய்வை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து என்று தெரிந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு அதே சாய்வில் தேய்த்தேன். தோள் விட்டுப்போனது. ஒருநாள் சாயங்காலம் தக்காளி திறந்தது.

அன்று இருந்த மடவையை இடது கையால் அறுத்தேன். நுனியைச் செவுளுக்குப் பின்னால் இறக்கி, படுக்கவைத்து, இழுத்தேன். கத்தி முள்ளின் மேல் டிர்ரென்று ஒரு சத்தத்தோடு போனது. ஒவ்வொரு முள்ளையும் தொட்டுத் தொட்டுப் போகும் சத்தம் அது. கை தானாகவே விலாவின் வளைவில் வளைந்தது. சதை முழுசாக மடங்கி என் வலது கையில் விழுந்தது. எலும்பைப் பூனைக்கு வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தது. அன்று பொரித்த மீன், புட்டு இல்லை. என் வீட்டுக்காரர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பாயின் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, என் கத்தியையும் எடுத்துக்கொண்டு கீழ்புத்துப்பட்டு போனேன். ஹோட்டல் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. முன்பக்கம் ரோட்டைப் பார்த்த பெரிய ஜன்னல். உள்ளே நாலைந்து மேஜையில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாய் என்னைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனார். துபாய் கத்தியை மேடையில் வைத்தேன். பக்கத்தில் என் கத்தியை வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடுவா ஒன்றை எடுத்துப் போட்டார்.

இடது கையில் பிடித்ததும் அவர் வாயைத் திறந்தார். "கொஞ்சம் இருங்க பாய்" என்றேன்.

ஒரு பக்கம் எடுத்தேன். திருப்பிப் போட்டு மறுபக்கம் எடுத்தேன். நடுவரிசையில் நிற்கும் சின்ன முட்களை விரலால் தடவிப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் நீளவாக்கில் கீறி எடுத்தேன். பிறகு தோல். வால் பக்கம் தோலை வலது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியைப் படுக்கவைத்துத் தள்ளினேன். தோல் ஒரு கிழிசல் இல்லாமல் கழன்று வந்தது.

பாய் எலும்பை வாலைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முள்ளுக்கு முள் இடைவெளியில் அந்தப் பக்கம் தெரிந்தது. "மாஷா அல்லாஹ்" என்றார் மெதுவாக. சதையை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவினார். இன்னொரு தடவை தடவினார். முள் அகப்படவில்லை.

"நாளைலருந்து வாம்மா. வேலை உனக்குத்தான்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணே ஒண்ணு. பின்னாடி ஸ்டோர் ரூம் இருக்குது. அங்க ஒக்காந்து அறுத்துக்க. எனக்கு ஒண்ணும் இல்ல. கஸ்டமர் பாத்தா ஒரு மாதிரி நெனப்பாங்க. சாப்பிடுற எடம் பாரு."

கேட்டது கிடைத்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தால் கால் நனையாது. உப்புக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் மேடையில் கிடந்த என் கத்தியைப் பார்த்தேன். தப்பு செய்கிறவளைப் போல மூலையில் உட்கார்ந்து அறுக்கவா அந்தக் கல்லில் அப்படித் தேய்த்தேன்? பாய் நல்லவர். நல்லவர் சொல்வதற்குச் சரி சொல்வது சுலபம். அதனாலேயே நான் சரி சொல்லவில்லை.

"பின்னாடி வெளிச்சம் இல்ல பாய். முள்ளு தெரியாது. ஜன்னல் கிட்டதான் ஒக்காருவேன்."

"அங்க எல்லாரும் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும். பாத்துட்டு வேணாம்னு சொல்றவங்களுக்கு வேற யாராவது முள்ளு எடுத்துக் குடுக்கட்டும். இன்னும் மீனு இருக்குதில்ல? ஒண்ணு குடுங்க. ஜன்னல் கிட்ட ஒக்காந்து அறுக்கிறேன். ஒருத்தர் எந்திரிச்சுப் போனாலும் சொல்லுங்க, கத்தியச் சுருட்டிக்கிட்டு பஸ் ஏறிடுறேன். கைய மாத்த மாட்டேன், எடத்தையும் மாத்த மாட்டேன்."

 பாய் என்னைப் பார்க்கவில்லை. மேடையில் கிடந்த என் கத்தியைப் பார்த்தார். குனிந்து, கூரின் ஒரு பக்கத்தைக் கட்டை விரல் நகத்தால் தடவினார். கத்தியைத் திருப்பி மறுபக்கத்தையும் தடவினார். 

பிறகு அவரே அறுக்கும் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலடியில் போட்டார். சாக்கு விரித்தார். இன்னொரு கொடுவாவைக் கொண்டுவந்து வைத்தார். நான் உட்கார்ந்தேன். மேஜைகளில் பேச்சு குறைந்தது; யாரோ ஒருவர் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார். யாரும் எழுந்து போகவில்லை.

பாய் தண்ணீர் வாளியோடு வந்தார். வழக்கம்போல வலப்பக்கம் வைக்கக் குனிந்தவர் நின்றார். என் கையைப் பார்த்தார். சுற்றி வந்து, வாளியை என் இடப்பக்கம் வைத்துவிட்டுப் போனார்.

இத்தனை வருஷத்தில் எனக்காக எதையும் யாரும் அந்தப் பக்கம் வைத்ததில்லை. கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை, கையில் மீன் இருந்தது. கத்தியை நனைத்துக்கொண்டு அறுக்க ஆரம்பித்தேன்.